வலது பின்சக்கரத்து ரப்பர்

அத்தியாயம் 11

வியாழக்கிழமை சாயங்காலம் லைல் ஹாக்லண்ட் முழங்கால்வரை நனைந்த பூட்ஸோடு வீட்டுக்குள் வந்தான். "படகுத்துறைல வழுக்கிடுச்சு" என்று மனைவி மார்னியிடம் சொன்னான். அவனுடைய சரக்கு வேனில் வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்க வேண்டிய மட் ஃப்ளாப்பைக் காணவில்லை. சேற்றைத் தடுக்கும் அந்த ரப்பர் பட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, "கல்லு பட்டுப் பிஞ்சுடுச்சு" என்றான். இரண்டு பதிலையும் மார்னி நம்பினாள். போன வாரம் அவளை அங்கேதான் விட்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது லைலுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

மார்ச் இரண்டாவது வாரம். சுப்பீரியர் ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது. பிர்ச் லேண்டிங் கரையிலிருந்து ஆன்ஸ்கர் தீவுக்கு ஏரியின் மேலேயே இரண்டு மைல் பனிச்சாலை. கிறிஸ்துமஸ் முடிந்து வீட்டுக்கு வெளியே போட்ட மரங்களையெல்லாம் சேர்த்து, இருநூறு அடிக்கு ஒன்றாகப் பனியில் துளை போட்டு நட்டிருந்தார்கள். அடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும், மரம் கல்லில் பதித்தது போல நின்றுவிடும். சில மரங்களில் வெள்ளிச் சரிகை இழைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வரிசையை ஒட்டிப் போனால் வழி தப்பாது.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், இதே மார்ச்சில், லைலின் பழைய வண்டி அந்தச் சாலையில் தண்ணீருக்குள் போனது. ஜன்னல் வழியாக வெளியே வந்தான். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து மார்னி அவனிடம் சத்தியம் வாங்கினாள். பாதையை மூடும்வரை ஊரார் சாயங்காலமும் போய் வருவார்கள், ஆனால் லைல் மட்டும் மார்ச் பிறந்தால் மதியத்துக்கு மேல் பனியில் கால் வைப்பதில்லை. காலையில் தீவுக்குப் போனால் பன்னிரண்டுக்குள் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் தீவிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் வர வேண்டும். அதோடு புது வேனில் ஒரு அலுமினிய ஏணியும் கயிறும் எப்போதும் இருக்க வேண்டும். மெல்லிய பனியில் ஏணியைக் கிடத்தி அதன்மேல் படுத்தால் எடை பரவும், பனி சட்டென்று உடையாது.

ஏணியும் கயிறும் வேனின் பின்பக்கம் இருந்தன. சத்தியமும் இருக்கிறது என்றுதான் மார்னி நினைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டேகாலுக்குக் கொரீன் வந்தாள். லைலின் தங்கை. தீவில் குடியிருக்கிறாள். தீவுப் பிள்ளைகள் ஏழு பேரைப் பள்ளி வேனில் கரைக்குக் கொண்டுவருவதும் மாலையில் திரும்பக் கொண்டுபோவதும் அவள் வேலை. ஏழு பேரில் ஒருத்தி அவள் மகள் டெஸ். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அண்ணி வீட்டில் காபி குடிக்காமல் அவள் போனதில்லை.

"எங்கண்ணன் இன்னும் எந்திரிக்கலையா?"

"காய்ச்சல். நேத்து தண்ணில கால விட்டுட்டு வந்திருக்கான்."

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் அண்ணி. ஒரு தும்மல் வந்தா உயில் எழுத ஆரம்பிச்சுடுவான்."

கொரீன் தட்டிலிருந்த இலவங்கப்பட்டை ரோலை எடுத்தாள்.

"ரெண்டாவதுடி அது."

"பனிச்சாலை என்னையே தாங்குதுன்னா ஊர்ல யாரையும் தாங்கும். அதுக்குத்தான் தினம் காலைல முதல்ல என்னை அனுப்பறாங்க."

மார்னி சிரித்தாள். "வழி எப்படி இருக்கு?"

"இரும்பு மாதிரி. ராத்திரிக் குளிர்ல நல்லா இறுகியிருக்கு. இந்தக் கரைலேர்ந்து ஒம்பதாவது மரம் மட்டும் காத்துல விழுந்து கெடந்துச்சு. இறங்கி நிமித்தி வெச்சேன். கைல தண்ணியில்ல, ஃப்ளாஸ்க்ல இருந்த காபிய அடில ஊத்தி ஒட்ட வெச்சுட்டு வந்தேன். நல்ல காபி, வீணாப் போச்சு."

பனிச்சாலைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். விழுந்த மரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்த்தாமல் போகிறவனுக்கு இந்த ஊரில் மரியாதை கிடையாது. அடுத்து வருகிறவன் பனிப்புகையில் வழி தெரியாமல் நின்றுவிடுவான் அல்லவா?

"இன்னிக்கு வெள்ளி, ரெண்டரைக்கே பள்ளிக்கூடம் விட்டுடும். அண்ணன் எந்திரிச்சா செத்துடாதன்னு சொல்லுங்க" என்று கொரீன் கிளம்பினாள்.

லைல் படுத்துவிட்டதால் அன்றைய சரக்கு மார்னி தலையில் விழுந்தது. பக்கத்து ஊர் சலவை நிலையத்திலிருந்து மருத்துவமனைத் துணி மூட்டைகளை எடுத்துவர வேண்டும். வேனின் பின்கதவைத் திறக்கப் போனாள். கைப்பிடி அசையவில்லை. பூட்டு, கைப்பிடி, கீல், நம்பர் பலகை எல்லாவற்றின் மேலும் பழுப்புநிறப் பனிச்சேறு இரண்டு விரல் கனத்துக்கு உறைந்திருந்தது.

மட் ஃப்ளாப் இல்லாத வேனில் இப்படித்தான் ஆகும். சரக்கு வேனின் பின்பக்கம் செங்குத்தான சுவர் மாதிரி இருக்கும். வேன் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது அந்தச் சுவருக்குப் பின்னால் காற்று குறைந்து ஒரு வெற்றிடம் உண்டாகிறது. சக்கரம் எதை வாரி இறைத்தாலும் அந்த வெற்றிடம் உறிஞ்சிக் கதவிலேயே அப்பிவிடும். சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் தொங்கினால் சேறு அதில் மோதி அங்கேயே தரையில் விழுந்துவிடும். கை அகலமுள்ள ஒரு ரப்பர்தான், ஆனால் கதவு திறப்பதும் திறக்காததும் அதன் கையில் இருக்கிறது.

பக்கக் கதவை அடைத்து லைல் அலமாரி போட்டிருந்தான். ஓட்டுபவர் இருக்கைக்குப் பின்னால் தடுப்புத் தகடு. பின்கதவு திறக்காவிட்டால் வேன் வெறும் பெட்டிதான்.

மார்னி தலைமுடி உலர்த்தும் கருவியை நீள ஒயரில் மாட்டி, இருபத்தைந்து நிமிஷம் பூட்டுக்குச் சூடு காட்டினாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது.

மாடி ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. லைல் போர்வையைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"என்ன பண்ற?"

"வெர்ன் கடைக்குப் போய் ரப்பர் வாங்கி மாட்டப் போறேன்."

"இப்ப எதுக்கு? வசந்தம் வரட்டும். நானே மாட்டிக்கறேன்."

"ஒவ்வொரு நாளும் கதவுக்குத் தலை காய வைக்கச் சொல்றியா?"

"விடு மார்னி. மிச்சமிருக்கற துண்ட இப்ப கழட்டாத."

ஜன்னல் மூடிக்கொண்டது. வேனில் ஒரு ஆணி ஆடினாலும் சாப்பாட்டை விட்டு எழுந்து போய் முறுக்குகிறவன் லைல். காய்ச்சல் என்று மார்னி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சலவை மூட்டைகளை எடுத்து மருத்துவமனையில் இறக்கிவிட்டு வெர்ன் கடைக்கு வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். வழியெல்லாம் கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலையில் கடகடவென்று நொறுங்கிய சாலைப் பனி இப்போது கஞ்சியாகியிருந்தது. காற்று தென்மேற்குக்குத் திரும்பியிருந்தது.

வெர்னின் பட்டறை பழைய உதிரிபாகக் கிடங்கு. புது சாமான் இரண்டு அலமாரி, பழைய சாமான் இரண்டு ஏக்கர்.

"கழுகுப் படம் போட்டது ஒரு ஜோடி இருக்கு" என்றார் வெர்ன். "கொடி போட்டது ஒரு ஜோடி இருக்கு. உன் வேனுக்குப் பொருந்தறதுதான் இல்ல."

"கழுகு வேண்டாம். சேறு நின்னா போதும்."

"கம்பெனி சாமான்னா ஆறு நாள் ஆகும். பின்னாடி உன் வேன் மாதிரியே ஒண்ணு சிதைஞ்சு கெடக்கு. அதுல இருக்கறது முன்சக்கரத்து ரப்பர், வளைவா இருக்கும். ஒத்து வராது." மோவாயைச் சொறிந்தார். "இரு."

உள்ளே போய் ஒரு கறுப்புச் சுருளை இழுத்து வந்தார். இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் ஓடித் தேய்ந்த பெல்ட். உள்ளே துணி வைத்து அழுத்திய ரப்பர்.

"இது உன்னைவிட அதிக நாள் இருக்கும்."

"என்னைவிட அதிக நாள் இருக்கறதுல உங்களுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்?"

"அளவுக்கு என்ன கொண்டு வந்த?"

வேனில் பிய்ந்தது போக மிச்சமிருந்த மேல் துண்டைக் காலையிலேயே மார்னி கழற்றி எடுத்திருந்தாள். மூன்று விரல் அகலம், மூன்று திருகாணித் துளை. வெர்ன் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு இவ்வளவு தூரம் ரிவர்ஸ் எடுத்தது?"

"ரிவர்ஸா? கல்லு பட்டுதுன்னான் லைல்."

"கல்லு பட்டா ஓட்டை விழும், இல்ல கீழ் மூலை பிய்யும். இதப் பாரு." துளைகளைக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டியவை. மூன்றும் கீழ்நோக்கி நீண்டு, கண்ணீர்த்துளி மாதிரி இழுபட்டிருந்தன.

அவர் ஒரு பழைய சக்கரத்தை உருட்டிக் காட்டினார். வண்டி முன்னால் ஓடும்போது டயரின் பின்பக்கம் மேலே ஏறுகிறது. அப்போது ரப்பர் டயரில் உரசினாலும் வெளியேதான் உதறப்படும். வண்டி பின்னால் போகும்போது அதே பக்கம் கீழே இறங்குகிறது. பின்னால் குவிந்திருக்கும் பனி ரப்பரை டயர்மேல் அழுத்தும். டயர் அதைக் கவ்வித் தன் அடிக்குள் இழுத்துக்கொள்ளும். வண்டியின் எடை முழுக்க ரப்பரின் மேல் ஏறும். திருகாணி விடாது, ரப்பர்தான் கிழியும்.

"வாசல்ல எடுக்கற ரிவர்ஸ்ல இது நடக்காது. பனி ஆழமா இருக்கணும். அவசரமாவும் இருக்கணும்" என்றார் வெர்ன். "லைல் எங்க மாட்டிக்கிட்டான்?"

"தெரியல" என்றாள் மார்னி. இரண்டு நாளில் அந்த ரப்பரைப் பற்றி அவர்கள் வீட்டிலிருந்து வந்த முதல் உண்மையான பதில் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

வெர்ன் பெல்ட்டை வெட்டிக் கொடுத்துவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் போனார். மாட்டுவதை மார்னியே செய்தாள். அவளுக்குப் பிடித்த வேலை. வேனைப் பட்டறைக்குள் நிறுத்தி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கி கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினாள். புது ரப்பரைச் சக்கர வளைவின் ஓரத்தில் பிடித்துச் சாக்பீஸால் குறித்தாள். தரையிலிருந்து நான்கு அங்குலம் மேலே நிற்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் பனியில் மாட்டும், உயர்ந்தால் சேறு நழுவிப் போய்விடும். டயருக்கும் ரப்பருக்கும் நடுவே மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும். வெறும் திருகாணி போட்டால் இழுக்கும்போது ஒவ்வொரு துளையும் தனித்தனியாகக் கிழியும். அதனால் ரப்பரின் மேல் ஒரு இரும்புப் பட்டியை வைத்து, பட்டியோடு சேர்த்து முடுக்க வேண்டும். இழுவையைப் பட்டி தன் நீளம் முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளும்.

பின்னாலிருந்து நட்டைப் பிடிக்க, சக்கர வளைவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டும். நான்கு கிளிப்பை நெம்பி மூடியை இழுத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு பனிக்கட்டி சரிந்து சிமென்ட் தரையில் விழுந்தது. ரொட்டி அளவு இருக்கும்.

அவள் அதைத் துடைப்பத்தால் தள்ளப் போனாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள்.

ஊர்ச் சாலையில் உப்பும் மணலும் கொட்டுவார்கள். அந்தச் சேறு பழுப்பாக இருக்கும், இறுகாது, பிசுபிசுக்கும். இந்தக் கட்டி வெள்ளையாக, கண்ணாடிபோல இருந்தது. ஒரு மணல் துகள்கூட இல்லை. உப்பும் மணலும் போடாத சாலை இந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான்.

கட்டிக்குள் ஊசியிலைகள் உறைந்திருந்தன. ஊசியிலை மரம் எங்கும் உண்டு என்று அவள் மனம் சமாதானம் சொல்லப் பார்த்தது. கட்டியைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள்.

ஊசியிலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளிச் சரிகை இழை.

மார்னி மூடியை மாட்டினாள். நட்டை முடுக்கினாள். துளை போட்ட இடத்தில் துரு ஏறாமலிருக்க பெயின்ட் தடவினாள். சக்கரத்தை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி ரப்பரில் உரசவில்லை என்று பார்த்துவிட்டு வேனை இறக்கினாள். ஒரு வேலையையும் பாதியில் விடவில்லை. 

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. லைல் படுக்கையில் சாய்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். பனிக்கட்டியில் மீதியிருந்ததை அவள் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில், தட்டில் வைத்தாள். முக்கால்வாசி கரைந்திருந்தது. சரிகை இழை தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது.

லைல் அதைப் பார்த்தான். கரண்டியைக் கீழே வைத்தான்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

"மார்னி…"

"எத்தனை மணிக்கு நேத்து பனியில இருந்த?"

"மூணு. மூணேகால் இருக்கும்."

"எதுக்கு?"

"தீவுல சரக்க இறக்கிட்டு ஒரே ஒரு ஆட்டம்னு சீட்டு விளையாட உக்காந்தேன். பன்னெண்டு தாண்டிடுச்சு. ராத்திரி தங்கினா ஏன் தங்கினன்னு கேப்ப. வந்துடலாம்னு…"

"சீட்டுக்காக."

"ஆமா."

அவள் தட்டை இன்னும் சற்று அவன் பக்கம் தள்ளினாள். கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பனியில ஒரு பிளவு" என்றான் லைல். "மேல பாத்தா ஈரம் மாதிரிதான் இருந்துச்சு. முன்சக்கரம் ஏறினதும் உள்ள வாங்குச்சு. ரிவர்ஸ் போட்டு ஒரே அமுக்கா அமுக்கினேன். பின்னாடி இருந்த மரத்து மேல ஏறிடுச்சு, ரப்பர் அப்பதான் போச்சு. இறங்கிப் பாத்தேன், முழங்கால் வரைக்கும் தண்ணி. பிளவு முடியற எடம் வரைக்கும் நடந்து பாத்து, சுத்தி வண்டிய எடுத்துட்டு வந்தேன்."

"யார்கிட்ட சொன்ன?"

"அடியோட பேந்த அந்த மரத்த இழுத்து சாலைக்குக் குறுக்க படுக்க வெச்சேன். குறுக்க மரம் கெடந்தா பாதை மூடியாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். காலைல உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். எந்திரிச்சு ஜன்னல் வழியா பாத்தா பள்ளிக்கூட வாசல்ல கொரீன் வண்டி நிக்குது. சரி, மரத்தப் பாத்துட்டு சுத்தி வந்திருக்கா, ஊருக்கே சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

மார்னியின் குரல் இறங்கிவிட்டது. "எத்தனாவது மரம், லைல்?"

"இந்தக் கரைலேர்ந்து ஒம்பது."

"ராத்திரி காத்து அத உருட்டியிருக்கு. அவ அதக் காத்துல விழுந்த மரம்னு நெனச்சு நிமித்தி வெச்சுட்டா. காபி ஊத்தி ஒட்ட வெச்சுட்டா. குளிர்ல பிளவு இறுகி இருந்ததால காலைல தாங்கிடுச்சு."

இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். கூரையிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கொரீனுக்குப் போன் போட்டாள். மணியே அடிக்காமல் பதிவுக்குரல் வந்தது. பிள்ளைகள் வேனில் ஏறியதும் போனை அணைக்க வேண்டும் என்பது பள்ளி விதி. கொரீன் விதிப்படி நடப்பவள்.

"அவசர நம்பருக்குப் பேசு. மீட்பு வண்டிய அனுப்பச் சொல்லு" என்று போனை அவன் மடியில் எறிந்துவிட்டுப் படியில் இறங்கினாள்.

பள்ளி வாசல் காலி. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் கிளம்பினார்கள் என்றார் காவலாளி. படகுத்துறைவரை அரை மைல், பனிக்கஞ்சியில் வேன் வழுக்கிக்கொண்டே போனது.

கரையில் நிறுத்தியபோது, ஏரியின் மேல் மஞ்சள் வேன் ஐந்தாவது மரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நடந்து போகிற வேகம்தான். ஆனாலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. உறைந்த ஏரியில் ஒரு வண்டி போகும்போது பனித்தட்டு அதன் எடையில் லேசாக அமுங்குகிறது. அடியிலுள்ள தண்ணீர் அலையாக எழுந்து வண்டிக்கு முன்னால் ஓடுகிறது. வேகமாகப் போனால் அலை பெரிதாகும். பின்னால் ஒரு கனமான வண்டி விரட்டினால், முன்னால் போகிறவர்களின் அடியில் பனியை அவள் அலையே உடைத்துவிடும்.

ஹாரனை அமுக்கினாள். அதிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பனிச்சாலையில் யாரும் சீட் பெல்ட் போடுவதில்லை. ஜன்னல்களை இறக்கி வைப்பார்கள். தண்ணீருக்குள் போனால் வெளியே வர அது ஒன்றுதான் வழி. ஜன்னல் திறந்திருக்கும், கேட்கும், கேட்கும் என்று மார்னி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது மரத்துக்குப் பக்கத்தில் பிரேக் விளக்கு சிவந்தது.

வேன் நின்றது. கதவுகள் திறந்தன. ஒவ்வொரு பிள்ளையாக இறங்கியது. கூட்டமாக நிற்காமல், ஒருவருக்கொருவர் பத்தடி இடைவெளி விட்டு, கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் கொரீன். மார்னி எண்ணினாள். ஏழு பேரும் கொரீனும். மறுபடி எண்ணினாள். ஹாரனிலிருந்து கையை எடுத்து, ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

பிள்ளைகள் கரையேற ஐந்து நிமிஷம் ஆனது. கொரீனின் முகம் வெளிறியிருந்தது.

"நல்ல வேளை, ஹாரன் கேட்டுச்சே" என்றாள் மார்னி.

"எந்த ஹாரன்? காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது அண்ணி, ஒண்ணும் கேக்கல." கொரீன் மூச்சு வாங்கினாள். "அண்ணனப் பாத்துதான் நிறுத்தினேன்."

"அண்ணனா?"

"உங்க வீட்டுப் பின்கரைலேர்ந்து பனி மேல ஸ்னோமொபைல ஓட்டிட்டு வந்தான். போர்வையோட. என்னைத் தாண்டிப் போய், ஒம்பதாவது மரத்தப் புடுங்கிக் குறுக்க போட்டான். ரெண்டு கையையும் ஆட்டினான்."

மார்னி ஏரியைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே நிற்கும் மஞ்சள் வேன் அதற்கு அப்பாலுள்ள எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருந்தது.

"எங்க அவன்?"

கொரீன் வேனுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். டெஸ்தான் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மாமா மரத்தப் படுக்க வெச்சாரு அத்தை. அப்புறம் ஸ்னோமொபைல் தண்ணிக்குள்ள சாஞ்சுது. மாமா மரத்துமேல உக்காந்தாரு. அப்புறம் அவரும் படுத்துட்டாரு."

"என்னால போக முடியல அண்ணி" என்றாள் கொரீன். "ஏழு பிள்ளைங்க…"

"நீ செஞ்சதுதான் சரி. மீட்பு வண்டி?"

"இப்பதான் பேசினேன். அண்ணன் முன்னாடியே சொல்லிட்டானாம். கிளம்பிடுச்சு, ஆனா தீவு அந்தக் கோடிலேர்ந்து வரணும். இருபது நிமிஷம்ங்கறாங்க. நான் போறேன். என் அண்ணன்."

"உன்னைத் தாங்கறது காலைப் பனி. இது மதியப் பனி. நான் உன்னைவிட நாப்பது பவுண்டு கம்மி."

அவள் வேனின் பின்பக்கம் போனாள். பனிக்கஞ்சியில் ஒரு மைலுக்கு மேல் ஓடி வந்திருந்தது வேன். புது ரப்பரில் சேறு கட்டிகட்டியாக அப்பியிருந்தது. அதற்கு மேலே கதவு சுத்தமாக இருந்தது. கைப்பிடி முதல் இழுப்பில் திறந்தது.

ஏணியை வெளியே இழுத்தாள். கயிற்றின் ஒரு முனையை ஏணியில் கட்டி, சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஏணியைத் தனக்கு முன்னால் பனியில் கிடத்தி, குனிந்து தள்ளிக்கொண்டே முதல் மரத்தைத் தாண்டினாள்.

இரண்டாவது மரம். மூன்றாவது. காலுக்கு அடியில் எங்கோ ஆழத்தில் ஏரி நீளமாக முனகியது.

மஞ்சள் வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தபோது ஒன்பதாவது மரம் கண்ணில் பட்டது. சாலைக்குக் குறுக்கே, யாரும் காற்றின் வேலை என்று நினைத்துவிட முடியாதபடி நேராகக் கிடந்தது. அதன்மேல் ஒரு போர்வை. போர்வையின் ஓரம் தண்ணீரில் நனைந்து கறுத்திருந்தது. அடியில் இருப்பவன் அசைகிறானா, போர்வை காற்றில்தான் அசைகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

மணி மூன்றேகால். மார்ச் பிறந்தால் மதியத்துக்கு மேல் பனியில் கால் வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியவள், ஏணியின் மேல் குப்புறப் படுத்து, முழங்கையால் உந்தி முன்னே நகர்ந்தாள்.